மருந்து கொடுக்காத கன்று

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை இது. காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில், நாச்சியாபுரத்திலிருந்து உள்ளே தள்ளிப் போனால் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் தச்சு வேலை செய்பவர். ஒரு காலத்தில் கதவும் ஜன்னலும் செய்தார். இப்போது காரைக்குடியில் கட்டுகிற புது வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து கொடுக்கிறார். மாடு மட்டும் என் பாடு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். பால் முழுவதும் ஊர் சொசைட்டிக்குப் போகும்.

அதற்கு முந்தைய வருடம் ஐப்பசி மழையில் என் கன்றுகள் வரிசையாகச் செத்தன. முதல் நாள் கன்று பால் குடிக்காது. காதைத் தொட்டால் கொதிக்கும். மறுநாள் தண்ணீராகக் கழியும், அதில் ரத்தமும் சளியும் இருக்கும். அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு அப்புறம் மறக்காது. கண் உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு எந்த ஊசி போட்டும் சில கன்றுகள் எழவில்லை. கன்றைப் பறிகொடுத்த மாடு மடியில் பாலை வைத்துக்கொண்டு கத்துவதைக் கேட்டுக்கொண்டே வீட்டில் சோறு தின்ன முடியாது.

எங்கள் பகுதிக் கால்நடை டாக்டர் சாணத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சால்மோனெல்லா என்று பதில் வந்தது.

“மனுசருக்கு டைபாய்டு வருதுல்ல, அந்தக் கிருமிக்குப் பங்காளிம்மா இது. பெரிய மாடு ஒன்னும் செய்யாத மாதிரி உள்ள வச்சிருக்கும். கன்னுக்குட்டிதான் தாங்காது” என்றார்.

“தடுப்பூசி இல்லையா?”

“இதுக்குன்னு நம்ம கையில ஒன்னும் இல்லம்மா.”

அந்தச் சாணம் போய்ச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் சில மாதம் கழித்து ஒரு டாக்டரம்மா எங்கள் வீட்டைத் தேடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. பஸ்ஸில் வந்தால் தலை சுற்றும் என்று சொல்லி, வந்ததும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு எழுந்து, கொண்டுவந்த ரப்பர் பூட்சை மாட்டி, அதை மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் கொட்டகைக்குள் கால் வைத்தார். மாட்டுக் கொட்டகைக்குள் போகக் காலைக் கழுவுகிற ஆளை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன்.

அவர்கள் கன்றுக்கு ஒரு தடுப்பு மருந்து தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஊசி இல்லை, வாய் வழியாகக் கொடுப்பது. அவர்களுடைய சொந்தக் கொட்டகையில் கொடுத்துப் பார்த்துவிட்டார்களாம். இனி வெளியே, சாதாரண வீடுகளில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டிய அனுமதி எல்லாம் வாங்கியாகிவிட்டது. கன்று செத்துப்போன வீடு என்பதால் எங்களைக் கேட்க வந்திருந்தார்.

“மருந்துன்னா என்னம்மா அது?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“அதே கிருமிதாங்க. உயிரோட இருக்கும். ஆனா பலவீனப்படுத்தி வச்சிருக்கோம்.”

“உயிரோட இருக்குற கிருமியவா கன்னு வாயில ஊத்துவீக?”

“பல்லைப் பிடுங்கி விட்ட பாம்பு மாதிரிங்க. கன்னுக்குட்டியோட உடம்பு அதைப் பார்த்து அடையாளம் தெரிஞ்சுக்கும். நாளைக்கு நிஜமான பாம்பு வந்தா அடிச்சுத் துரத்தும். செத்த கிருமியை ஊசியாப் போட்டா, குடல்ல அந்தக் காவல் அவ்வளவா நிக்கிறதில்லைங்க.”

“புடுங்குன பல்லு திருப்பி மொளைக்காதா?”

நான் அவரை முறைத்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“மொளைக்கக் கூடாதுன்னுதான் ஒரு பல்லுக்கு ரெண்டு பல்லாப் பிடுங்கியிருக்கோம். இருந்தாலும் மொளைக்கவே மொளைக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேனுங்க. அதைத்தான் அடிக்கடி வந்து பார்த்துக்கிட்டே இருக்கப் போறேன்.”

வேண்டாம் என்பதுதான் என் வீட்டுக்காரருடைய எண்ணம். எனக்குப் போன ஐப்பசி ஞாபகத்தில் இருந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் யார் யார் இருக்கிறோம், யாருக்காவது தீராத வியாதி உண்டா, சின்னக் குழந்தை உண்டா என்று எல்லாம் டாக்டரம்மா கேட்டார். அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே மகளைத் திருச்சியில் கட்டிக் கொடுத்திருந்தோம்.

கன்றுகளை இரண்டு பிரிவாகப் பிரிக்க வேண்டும் என்றார். ஒரு பக்கத்துக்கு மருந்து, மறு பக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. அப்போதுதான் வித்தியாசம் தெரியும். நடுவில் தடுப்பு வேண்டும் என்று சொன்னதும், அதுவரை முறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குக் கை பரபரத்தது. வேப்பம் பலகையை இழைத்து, தரையோடு தரையாகத் தகரம் அடித்து, எறும்பு நுழையாத மாதிரி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார். “மாட்டுக்கு இம்புட்டு வேலப்பாடா?” என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு வாளி, ஒரு விளக்குமாறு, ஒரு ஜோடி பூட்ஸ். அந்தப் பக்கத்துக்கு வேறு. சாணத்தைத் தனிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாலைக் காய்ச்சாமல் நாக்கில் கூட வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் டாக்டரம்மா சொன்னபடியே செய்தேன். ஆரம்பத்தில் தொல்லையாக இருந்தது. பிறகு குளிப்பது மாதிரி பழகிவிட்டது.

மருந்து கொடுத்த அன்று கன்றுகள் பாலைக் குடிப்பது மாதிரியே அதையும் சப்பிக் குடித்துவிட்டு, இன்னும் கிடைக்குமா என்று டாக்டரம்மாவின் கையுறையை நக்கின. நான் என்னவோ பெரிதாக நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. லேசாக இளகிப் போனது ஒரு கன்றுக்கு, அதுவும் மறுநாள் சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா அடிக்கடி வந்தார். ஒவ்வொரு கன்றின் பின்பக்கத்திலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, சின்னக் குழாய்களில் அடைத்து, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுவார். சாப்பாடு கையோடு கொண்டுவருவார். எங்கள் வீட்டுக் குழம்பை ஊற்றினால் மட்டும் மறுக்க மாட்டார். அவருக்கு ஒரு சின்னப் பையன் இருந்தான். அம்மாவிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். இந்த மருந்துக்காகக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உழைத்துக்கொண்டிருப்பதாகவும் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

மழைக்காலம் வந்தது. ஊரில் இரண்டு வீடுகளில் கன்றுகள் கழிச்சல் கண்டு செத்தன. என் கொட்டகையில் ஒரு கன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சொசைட்டியில் பால் ஊற்றப் போகும்போதெல்லாம் இதே பேச்சுதான். “எங்களுக்கும் வாங்கித் தாங்கத்தா” என்று ஆள் ஆளாகக் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி “சொல்றேன், சொல்றேன்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. மருந்து கொடுத்த கன்றுகளைப் பார்த்துவிட்டு, கொடுக்காத பக்கத்துக் கன்றுகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுகளுக்கும் ஒண்ணுமே வரலியே அக்கா” என்றார்.

“நல்லதுதானே?”

“நல்லதுதான். பொறுங்க, பார்க்கலாம். அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க.”

தை பிறந்ததும் மகளுக்கு வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அன்றே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மருந்து கொடுத்த கன்றுகளின் சாணத்தில் அந்தக் கிருமி இப்போது வருவதில்லை, முன்பே நின்றுவிட்டது, இருந்தாலும் மகள் கொட்டகைப் பக்கமே போக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். மகளிடமும் போனைக் கொடுக்கச் சொல்லிப் பேசினார். நான் கொட்டகையிலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன்.

மாசி மாதம் ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு வலி, குளிர், இரண்டு முறை வயிற்றுப் போக்கு. வெயில் ஏறுகிற நேரம், எதையோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையும் காய்ச்சல் விடவில்லை. காரைக்குடிக்குக் கூட்டிப் போகலாம் என்று வீட்டுக்காரரைப் பட்டறையிலிருந்து வரச் சொல்லிவிட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டாக்டரம்மா இறங்கினார். அன்று அவர் வர வேண்டிய நாளும் இல்லை. கையில் குழாய்ப் பெட்டியும் இல்லை.

“என்ன டாக்டரம்மா, சொல்லாமக் கொள்ளாம வந்துருக்கீக?”

“உட்காருங்க அக்கா. ஒரு விஷயம் சொல்லணும்.”

நான் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை.

“மருந்து கொடுக்காத பக்கத்துல ஒரு செவலைக் கன்னு இருக்குல்ல, அதோட சாணத்துல நாங்க கொடுத்த கிருமி இருக்குது. நிஜக் கிருமி இல்ல. நாங்க பண்ணுனது. ரெண்டு தடவை சோதிச்சாச்சு. நேத்து சாயங்காலம்தான் உறுதியாச்சு.”

எனக்கு முதலில் புரியவே இல்லை. “கன்னு நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருக்கு?”

“நல்லா இருக்குது. ஆனா நாங்க அனுப்பாத எடத்துக்கு அது தானாப் போயிருக்குது. ஒரு கன்னுல இருந்து இன்னொரு கன்னுக்குத் தாவிருக்குது. தாவித் தாவிப் போகும்போது அதுக்குப் பழைய பலம் கொஞ்சம் திரும்பி வந்துச்சா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது. உங்க மக வீட்டுல இருக்கறாங்க. அதான் கெளம்பி வந்துட்டேன்.”

அப்போதுதான் உள்ளே கட்டிலில் கிடந்த என் மகள் முனகினாள்.

“யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றார் டாக்டரம்மா. நான் சொன்னேன். அவர் நேரே கிணற்றடிக்குப் போனார். கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்து, மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

“கொட்டகைக்குள்ள போனியா கண்ணு?”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். “உள்ள போகல. நாலஞ்சு நாளைக்கி முன்னாடி ஒரு கன்னு கயித்த அவுத்துக்கிட்டுக் கெணத்தடிக்கு வந்துச்சு. கையில தவிடு வச்சுக் குடுத்தேன். கைய நக்குச்சு. அந்தச் செவலைக் கன்னுதான்.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “மருந்து போடாத பக்கத்துக் கன்னுதானேம்மா, ஒன்னும் ஆகாதுன்னு நெனச்சேன்” என்றாள்.

நாங்களும் அப்படித்தானே நினைத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் டாக்டரம்மாவைப் பார்த்துக் கத்தியதை நான் இங்கே எழுதவில்லை. அந்த வார்த்தைகளுக்காக அவரே பிறகு வருத்தப்பட்டார். டாக்டரம்மா, “மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. திட்டுறதை அப்புறம் திட்டுங்க, நான் எங்கயும் போகல” என்று மட்டும் சொன்னார். வந்த ஆட்டோ இன்னும் நின்றது. அதிலேயே ஏறினோம். டிரைவருக்குப் பக்கத்தில் இவர் ஒட்டிக்கொண்டு உட்கார, பின்னால் நானும் டாக்டரம்மாவும் நடுவில் மகளைச் சாய்த்துக்கொண்டு போனோம்.

காரைக்குடியில் மகளைப் பார்க்கும் பிரசவ டாக்டரிடம், டாக்டரம்மாதான் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவோ பூசி மெழுகவோ இல்லை. இது என்ன கிருமி, எப்படிப் பலவீனப்படுத்தினார்கள், எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படும், அதில் கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடியது எது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியாக, “இது எங்க மருந்தால வந்ததா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல டாக்டர்” என்றார். அந்தப் பெரிய டாக்டர் அதை எல்லாம் சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு மகளை அங்கேயே சேர்த்து, ரத்தம், மலம், சிறுநீர் எல்லாம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்லச் சில நாள் ஆகுமாம். அதுவரை காத்திருக்க முடியாது என்று மருந்தை ஆரம்பித்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தச் சத்தத்தை எனக்கும் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது.

அந்தச் சில நாட்களும் டாக்டரம்மா காரைக்குடியில் ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, காலையில் ஆஸ்பத்திரிக்கு வருவார். மத்தியானம் எங்கள் வீட்டுக்குப் போய்க் கன்றுகளைப் பார்த்து, சாணம் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்ப வருவார். எங்கள் இரண்டு பேரிடமும் கூடச் சோதனைக்கு எடுத்தார். என் வீட்டுக்காரர் அவர் வந்தால் எழுந்து அங்குட்டுப் போய்விடுவார். அந்த அம்மா வராண்டாவில் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார். எனக்கும் அவர் மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்தது. சரி என்று சொன்னது நான்தானே.

ஒரு நாள் காலை நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒன்னு கேக்குறேன், தப்பா நெனக்காதீக. நீங்க வந்து சொல்லலைன்னா எங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது அக்கா.”

“யாருக்குமே?”

“காய்ச்சல் வந்துச்சு, போச்சுன்னு இருந்திருப்பீங்க. ஊருல எல்லாரும் மருந்து நல்லா வேலை செய்யுதுன்னுதான் பேசிட்டிருந்திருப்பாங்க.” பிறகு, “அதுக்குத்தான் வந்தேன்” என்றார்.

அப்போது பின்னால் ஒரு குரல். என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ.

“போன்ல சொல்லியிருக்கலாமே. இம்புட்டுத் தூரம் தல சுத்த பஸ்ஸுல வரணுமா?”

“போன்ல சொன்னா, பயத்தை உங்க கையில கொடுத்துட்டு நான் என் சீட்டுல உட்கார்ந்திருப்பேனுங்க. அது நல்லாவா இருக்கும்?”

என் வீட்டுக்காரர் கீழே போய் மூன்று டீ வாங்கி வந்தார். அதில் ஒன்றை டாக்டரம்மாவிடம் நீட்டினார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

சோதனை முடிவுகள் வந்தன. மகளுக்குச் சிறுநீர்த் தொற்று. கர்ப்பிணிகளுக்குச் சாதாரணமாக வருவதுதானாம். வயிற்றுப் போக்குக்கு வேறு என்னவோ சின்னக் காரணம். சால்மோனெல்லா எதுவும் இல்லை, நிஜமும் இல்லை, இவர்களுடையதும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. பெரிய டாக்டர் இதைச் சொன்னபோது நான் அழுதேன், வீட்டுக்காரர் சாமி கும்பிட்டார். டாக்டரம்மா போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். “பசிக்குது அக்கா” என்றார். பக்கத்து ஓட்டலில் கூட்டிப் போய் இட்லி வாங்கிக் கொடுத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மகள் குணமாகிவிட்டாள், இனி பழையபடி நடக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, வேறு ஊர்களில் இன்னும் சில கொட்டகைகளில் நடந்துகொண்டிருந்ததையும். செவலைக் கன்றைத் தனியே கட்டி வைத்து, பல தடவை சோதித்து, கிருமி இல்லை என்று ஆன பிறகுதான் மற்றதோடு விட்டார்கள். கொட்டகைத் தரையைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவிட்டோம். என் வீட்டுக்காரர் தான் செய்த தடுப்புச் சுவரைப் பலகை பலகையாகத் தடவிப் பார்த்தார். எங்கே ஓட்டை விட்டேன் என்பதுதான் அவருடைய கவலை.

“உங்க வேலையில குத்தமே இல்லீங்க. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஈ தானே? ஈயை எந்தப் பலகை தடுக்கும்?” என்றார் டாக்டரம்மா. “ஈயா, தண்ணியா, காத்துல பறந்த தூசியான்னு கண்டுபிடிக்க முடியல. ஆனா எல்லார் வீட்டுக் கொட்டகையும் இப்படித்தான் இருக்கும். இங்க தாவுதுன்னா எங்கயும் தாவும். அப்போ இந்த மருந்தை ஊருக்குக் கொடுக்க முடியாது.”

அந்தச் சுவரை என் வீட்டுக்காரரே உடைத்து எரித்தார்.

சொசைட்டியில் ஆட்களைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். ஊரெல்லாம் நான் பெருமையடித்து வைத்திருந்தேனே, எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவர் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஒருத்தர் எழுந்து, “கன்னு ஒன்னு கூடச் சாகலையே, அப்புறம் எதுக்கு நிறுத்துறீக? எங்களுக்குக் குடுங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்றார். இன்னொருத்தர், “எங்க வீட்ட வச்சுச் சோதன பண்ணிப் பாத்தீகளாக்கும்?” என்று காட்டமாகக் கேட்டார்.

இரண்டாவது ஆளுக்குத்தான் முதலில் பதில் சொன்னார். “ஆமாங்க. சோதனைதான். கேட்டுட்டுத்தான் செஞ்சோம், ஆனாலும் சோதனைதான். நீங்க கோவப்படறது சரி.” பிறகு முதல் ஆளிடம், “கன்னு நல்லாருக்குதுங்க. ஆனா அது சாணத்துல போகுது, சாணத்துக்குப் பக்கத்துல பிள்ளைங்க வெளையாடுது. அதுக எப்படி இருக்கும்னு தெரியாம நான் கொடுக்க மாட்டேன்” என்றார். அவ்வளவுதான் பேசினார். கைதட்டல் ஒன்றும் இல்லை. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அந்த அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது கூடவே நடந்தேன். பல வருட உழைப்பு போய்விட்டதே என்று ஆறுதலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “போகல அக்கா. மூணாவதாப் பிடுங்க வேண்டிய பல்லு எதுன்னு தெரிஞ்சிருச்சுல்ல” என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

பங்குனியில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். டாக்டரம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். பதிலுக்கு ஒரு பாவாடை சட்டை தபாலில் வந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. மாட்டின் அளவு தெரிந்த அளவுக்கு மனிதக் குழந்தையின் அளவு தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தோம்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. கன்றுகள் அடுத்த மழையில் ஒன்றிரண்டு செத்தன. அப்போதெல்லாம், அந்த மருந்தே இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றும். உடனே கிணற்றடியில் தவிட்டைக் கையில் ஏந்தி நிற்கும் மகள் கண்ணுக்குள் வருவாள்.

போன மாதம் டாக்டரம்மா மறுபடி போன் செய்தார். புதிதாக ஒன்று செய்திருக்கிறார்களாம். மருந்து கொடுத்த கன்றையும் கொடுக்காத கன்றையும் ஒரே கொட்டகையில், தடுப்பே இல்லாமல், பல மாதம் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. இனி வெளியே பார்க்க வேண்டும்.

“உங்ககிட்டக் கேட்க எனக்கு வாய் வரல அக்கா. வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லுங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்” என்றார்.

நான் போனைக் கையில் பொத்திக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு அலமாரிக் கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திருப்புளியை வைத்துவிட்டு யோசித்தார்.

“பேத்தி இங்க வாரப்ப வேணாம். லீவு முடிஞ்சு அதுக திருச்சிக்குப் போகட்டும். அப்புறம் வரச் சொல்லு” என்றார்.

“ஒங்களுக்குப் பயமா இல்லையா?”

“பயந்தான். ஆனா அந்தம்மா கையில ஏதாவது தப்பாப் போச்சுன்னா மொத ஆளா அவுகளே வந்து நிப்பாகள்ல.”

வருகிற ஆனியில் அவர் வருகிறார். புது மருந்து என் கன்றுகளைக் காப்பாற்றுமா என்று எனக்குத் தெரியாது. ஒருவரை நம்புவது என்றால் அவர் தவறே செய்ய மாட்டார் என்று நினைப்பதுதான் என்று அதுவரை எண்ணியிருந்தேன். தவறு நேர்ந்தால் யாரும் கேட்காமலே ஓடி வந்து சொல்வார் என்று தெரிந்திருப்பதுதான் நம்பிக்கை என்பது, மகளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் காத்திருந்த அந்த நாட்களில்தான் எனக்குப் புரிந்தது.